ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை

மழை பிடித்தால் எனக்குத் தூக்கம் வராது. முன்பு அப்படி இல்லை. மலையில் பெட்டி வைத்த பிறகுதான்.

எங்கள் தோட்டம் குருவிட்டைக்கு மேலே. தேயிலை ஸ்டோர், கொழுந்தைத் தூளாக்குகிற ஃபேக்டரி, ஒரு தனி மேட்டில் நிற்கிறது. பக்கத்தில் ஆபீஸ். அங்கிருந்து ஓடையைத் தாண்டினால் லயங்கள், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள். கடைசி லயம் மலையை வெட்டி அதற்குள் செருகின மாதிரி இருக்கும். பின்னால் சமையல் செய்கிற குசினியின் கதவைத் திறந்து கை நீட்டினால் மண். அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், என் அக்கா இருக்கிறாள். அவள் புருஷனுக்குக் கொழும்பில் வேலை. காம்பராவில் அவளும், நடக்க முடியாத அவள் மாமியாரும்தான்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஸ்டோரில் ஃபிட்டருக்கு எடுபிடியாக இருந்தேன். மெஷினுக்குப் பெல்ட் மாட்டுவது, கிரீஸ் போடுவது. பிறகு டவுனில் ஒரு நானாவின், ஒரு முஸ்லிம் அண்ணனின், கடைக்கு வேலைக்குப் போனேன். ஃபோன், கம்ப்யூட்டர் திருத்துகிற கடை. புரோகிராம் எழுதுவதை அங்கேதான் படித்தேன், ஃபோனில் வீடியோ பார்த்து. இங்கிலீஷ் பாதி புரியும். மீதியை எழுதிப் பார்த்தால் சரியா பிழையா என்று மெஷின் சொல்லிவிடும். சில நேரம் சொல்லாது என்பது பிறகு தெரிந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தடவை மண் சரிந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் கூடிப் பேசி, மலையில் மழையை அளக்க ஒரு பெட்டியும் சைரனும் வைக்க முடிவு செய்தார்கள். வேலை எனக்கும் நானாவுக்கும் வந்தது.

பெட்டி பெரிய விஷயம் இல்லை. ஒரு கம்பம். உச்சியில் புனல். புனலுக்குக் கீழே சீசோ மாதிரி இரண்டு குழி. ஒன்று மழைத் தண்ணீரில் நிறைந்தால் கவிழும், மற்றது மேலே வரும். ஒரு கவிழ்ப்புக்கு இவ்வளவு மழை என்று கணக்கு. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதில் ஓடுவது லினக்ஸ். மழை அளவைத் தாண்டினால் பெட்டி தானாகச் சைரனை அடிக்கும். ஒவ்வொரு கவிழ்ப்பையும் சிம் கார்ட் வழியாக ஆபீசுக்கும் அனுப்பும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ். லயத்து ஆட்களின் ஃபோனில் ஒரு ஆப்.

ஆபீசிலிருந்து சைரனை அடிக்கிற வழி வைக்கவில்லை. யாராவது தெரியாமல் அழுத்திவிடுவார்கள் என்று ஆபீசைப் பார்த்துக்கொள்கிற பெரிய கிளாக்கர் ஐயா பயந்தார். அந்தப் பயமும் சரிதான்.

மூன்று இடத்திலும் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் கணக்கை மட்டும் தனியாக எழுதி லைப்ரரி ஆக்கினேன். லைப்ரரி என்றால் இங்கே புத்தகம் வைக்கிற இடம் அல்ல. பல புரோகிராம்கள் சேர்ந்து பாவிக்கிற ஒரு கோப்பு. மலைத் தண்ணீர் வந்து விழுகிற லயத்துப் பீலி மாதிரி. ஒவ்வொரு காம்பராவுக்கும் தனிக் குழாய் இல்லை, எல்லாரும் அதே பீலியில் வந்து பிடிப்பார்கள். புரோகிராம் ஓடத் தொடங்கும்போது அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்து ஏற்றிக்கொள்ளும்.

எழுதுவது ஒரு தடவைதான். கட்டுவது, அதாவது எழுதினதை மெஷினுக்குப் புரிகிற கோப்பாக மாற்றுவது, மூன்று தடவை. விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, ஃபோனுக்கு ஒன்று. மூன்றுக்கும் மூன்று குணம். விண்டோஸில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். வெளியே தெரிய வேண்டியதை நாம் சொல்லித் திறக்க வேண்டும். லினக்ஸில் எல்லாம் திறந்தே கிடக்கும், வேண்டாததை நாம் சாத்த வேண்டும். ஃபோனில் சிப்புக்குச் சிப்பு வேறு. அக்காவின் பழைய ஃபோனில் ஆப் திறக்கவே இல்லை. அதற்கென்று இன்னொன்று கட்டினேன்.

முதலில் பிழை வந்தது விண்டோஸில். பெரிய எண்ணுக்கு நான் ஒரு வகை இடம் ஒதுக்கியிருந்தேன். அதே பேர்தான், ஆனால் லினக்ஸில் அது பெரிய இடம், விண்டோஸில் அதில் பாதி. இடம் போதாமல் ஆபீசில் மழை கழித்தல் குறியோடு காட்டியது. கிளாக்கர் ஐயா ஃபோன் எடுத்து, "தம்பி, மழை மேல ஏறிப் போகுதாம்" என்றார். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் என்று எழுதித் திருத்தினேன். அன்றிலிருந்து நானாவுக்கு ஒரு முடிவு. பிழை வந்தால் அது விண்டோஸ் பக்கம்தான். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

கணக்கைத் தோட்டத்து வழக்கப்படிதான் முதலில் எழுதினேன். ஆபீஸ் முற்றத்தில் பழைய மழைக் குடுவை ஒன்று இருக்கிறது. காலையில் பெரட்டு முடிந்ததும், அதாவது ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பியதும், ஒருவர் போய்க் குடுவையை அளந்து எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். கொட்டினால் நேற்று முடிந்தது, இன்று தொடங்கியது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படித்தான். என் கணக்கும் காலையில் பூச்சியமாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"காலையில கொட்டிருவியா?"

"ஆமா."

"அப்ப ராவுல பெஞ்ச மழ எங்க போவும்?"

"கொட்டியாச்சு."

"நீ கொட்டிட்ட. மலைக்குள்ள போன தண்ணிய யாரு கொட்டுறது?"

கடைக்குப் போய்க் கணக்கை மாற்றி எழுதினேன். புதிய கணக்கு காலையைப் பார்க்காது. எந்த நேரம் கேட்டாலும் அதற்கு முந்தைய ஒரு முழு நாளின் மழையைச் சொல்லும். நேரம் நகர நகரக் கணக்கும் கூடவே நகரும். கூப்பிடுகிற பேரையும் முறையையும் மாற்றவில்லை. மாற்றினால் மற்ற புரோகிராம்களையும் திருப்பி எழுத வேண்டும்.

மூன்றையும் கட்டினேன். நானா ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதியதைப் புரோகிராம் இருக்கிற கோப்புறைக்குள்ளேயே வைத்தார். விண்டோஸ் முதலில் புரோகிராமின் பக்கத்தில்தான் தேடும். பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளும். சரியாக ஓடியது. பெட்டிக்கும் நான் அதேபோல் செய்தேன். மலை ஏறிப் போய், புதியதைப் புரோகிராமுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பழையதை அழிக்கவில்லை. அது பொதுக் கோப்புறையில் இருந்தது, லினக்ஸ் தன் லைப்ரரிகளை வைக்கிற இடத்தில். விட்டுவிட்டேன். ஸ்டோரில் படிந்த பழக்கம். புது பெல்ட் மாட்டினால் பழைய பெல்ட்டைப் பக்கத்துக் கொக்கியிலேயே தொங்கவிடுவோம். புதியது அறுந்தால் ஓடிப் போய்த் தேட வேண்டியதில்லை. எல்லா மெஷினுக்குப் பக்கத்திலும் ஒரு பழைய பெல்ட் தொங்கும். தொங்குகிற பெல்ட் தானாக எழுந்து போய் மாட்டிக்கொள்ளாது. கோப்பு அப்படி இல்லை.

லினக்ஸ் புரோகிராமின் பக்கத்தில் தேடாது. சொன்னால் தேடும். சொல்லாவிட்டால் பொது இடத்தில்தான் தேடும். என் லேப்டாப்பில் எப்போதோ ஒரு வழி சொல்லி வைத்திருந்தேன். சொன்னதை மறந்தும் போயிருந்தேன். அதனால் என் மேசையில் புதியது ஏறியது. மலையில் யாரும் வழி சொல்லவில்லை. அங்கே பழையது ஏறியது. பேர் ஒன்று, கூப்பிடுகிற முறை ஒன்று. அதனால் ஒரு முறைப்பாடும் இல்லை. பெட்டி சத்தமில்லாமல் வேலை செய்தது.

இது இப்போது தெரிகிறது. அப்போது தெரியாது.

சைரன் ஒரு தடவை சரியாகக் கத்தியது. பின்னேரம் பிடித்த மழை காலைக்கு முன்பே விட்டுவிட்டதால், பழைய கணக்கும் சரியாகவே வந்தது. ஆட்கள் ஸ்டோருக்கு ஓடினார்கள். அக்காவின் மாமியாரை நாற்காலியோடு தூக்கிப் போனோம். மலையிலிருந்து கொஞ்சம் கல் உருண்டது, அவ்வளவுதான். மாமியார் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். ஆனாலும் எல்லாருக்கும் பெட்டி மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த நம்பிக்கைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. முன்பெல்லாம் மழை பிடித்தால் லயத்தில் யாராவது ஒருத்தர் முழித்துக்கொண்டிருப்பார். யாரும் சொல்லி வைப்பதில்லை, யாராவது ஒருத்தர் இருப்பார். பீலித் தண்ணி கலங்குதா, மரம் சாயுதா என்று எட்டிப் பார்ப்பார். சைரன் வந்த பிறகு எல்லாரும், ஃபோனில் ஆப்பைக் கூடத் திறக்காமல், தூங்கினார்கள். நன்றாகத் தூங்கினார்கள். "தம்பி பெட்டி இருக்கில்ல" என்பார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

அந்த மழை ஒரு பின்னேரம் தொடங்கியது. விடிந்தும் விடவில்லை. நான் டவுனில் கடையிலேயே தங்கிவிட்டேன். காலையில் கடைக்கு யாரும் வரவில்லை. ஆறு ஏறிக்கொண்டிருந்தது. ஃபோன் அடித்தது. கிளாக்கர் ஐயா.

"தம்பி, கடையிலயா?"

"ஆமாங்க ஐயா."

"ஸ்க்ரீன்ல ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை. நான் எதப் பாக்குறது?"

ஆபீஸ் ஸ்க்ரீனில் இரண்டு விளக்கு வைத்திருந்தோம், மழை அளவைத் தாண்டினால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. நானாவின் யோசனை. இடது பக்கம், பெட்டி தன்னைப் பற்றித் தானே சொல்வது. வலது பக்கம், அதே கவிழ்ப்புகளை ஆபீஸ் கம்ப்யூட்டர் தனியாக எண்ணிச் சொல்வது. இரண்டும் எப்போதும் ஒன்றாகவே மாறும். வேறு வேறாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

"எது சிவப்பு ஐயா?"

"எங்க பக்கம். ஆபீஸ் பக்கம். பெட்டி பச்ச காட்டுது."

நானா கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அது விண்டோஸ்ட வேல" என்றார். "போன தடவையும் அதானே. மழய மேல ஏத்தினது. பெட்டி பச்சையெண்டா பச்சதான் தம்பி. மலையில ஈக்கிறது அது. ஆபீஸ்ல ஈக்கிறது கிளாக்கர் சீட்டு விளையாடுற கம்ப்யூட்டர்."

அதை நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. பெட்டி நான் கட்டினது. பச்சை என்றால் அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

கிளாக்கர் ஐயா லைனில் இருந்தார். "ஆளுங்கள ஸ்டோருக்கு அனுப்பவா வேணாமா? ஒரு சொல்லு சொல்லு."

"கொஞ்சம் பொறுங்க ஐயா. பாத்துச் சொல்றேன்."

"நீ பொறுக்கச் சொன்னா பொறுக்கலாம். மலை பொறுக்குமான்னு எனக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டார்.

விண்டோஸ் பக்கத்தைப் பார்த்தோம். முதலில் அதைத்தான் பார்த்தோம். இடத்தின் அளவு சரி. கதவு சரி. எண்கள் சரி. நானா திரும்பத் திரும்பத் தேடினார். பிழை அங்கே இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும்தான். தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு பெட்டி சொல்கிற மழையையும் ஆபீஸ் சொல்கிற மழையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெட்டி சொல்வது குறைவு. எவ்வளவு குறைவு என்று பார்த்தேன். பெரட்டுக்கு முன்னால் பெய்தது முழுக்கக் காணோம். ஒரு சொட்டு கூட இல்லை. பெரட்டுக்குப் பிறகு பெய்தது மட்டும் சரியாக இருக்கிறது.

காலையில் தண்ணியைக் கொட்டுகிற கணக்கு உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். நான் எழுதினது. அதை மாற்றிவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னது.

கடையிலிருந்தே பெட்டிக்குள் போக ஒரு வழி இருக்கிறது. சிக்னல் மெல்ல வந்தது. ஒரு புரோகிராம் எந்த லைப்ரரியை எங்கிருந்து ஏற்றும் என்று கேட்க ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. வைத்த அன்றே கேட்டிருக்கலாம். இப்போது கேட்டேன். ஒவ்வொரு வரியாக வந்தது. என் லைப்ரரியின் பேர் வந்தது. அதற்கு எதிரே பாதை வந்தது.

பொதுக் கோப்புறை. பழையது.

நானா எட்டிப் பார்த்தார். தேடிக்கொண்டிருந்த விண்டோஸ் பக்கத்தை மூடினார்.

அங்கிருந்தே சைரனை அடிக்கலாம் என்று தட்டத் தொடங்கினேன். எழுத்து வரவில்லை. ஸ்க்ரீன் அப்படியே நின்றது. டவரும் போய்விட்டது. கிளாக்கர் ஐயாவுக்கு எடுத்தேன், போகவில்லை. அக்காவுக்கு எடுத்தேன், போகவில்லை.

"ஏறுங்க" என்றார் நானா. சாவியை எடுத்துக்கொண்டு த்ரீவீலில் உட்கார்ந்துவிட்டார். கடைக் கதவைக் கூடச் சாத்தவில்லை.

தோட்டத்து ரோட்டில், அடியில் ஓடை போகிற போக்கு வரைக்கும் போனோம். ரோட்டுக்கு மேலால் தண்ணீர் போனது. அந்தப் பக்கம் ரோட்டு வேலை செய்கிற சிங்கள ஆள் ஒருவர் கையை ஆட்டினார். "யன்ன எப்பா மல்லி" என்று கத்தினார். போகாதே தம்பி என்று. நானா த்ரீவீலை நிறுத்தினார். நான் இறங்கித் தண்ணிக்குள் நடந்தேன். முழங்கால் வரைக்கும் இழுத்தது. அந்த ஆளே கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். திட்டிக்கொண்டேதான் தூக்கினார்.

ஏறும்போது ஒன்றே ஒன்றுக்குக் காது கொடுத்துக்கொண்டு போனேன். சைரனுக்கு. கத்தாது என்று தெரியும். தெரிந்தும் கேட்டுக்கொண்டு போனேன்.

ஆபீசில் கிளாக்கர் ஐயா இல்லை. நான் பொறுக்கச் சொன்னேன், அவர் பொறுக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசல்களில் நின்று ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் அசையவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்கள். "பெட்டி கத்தலையேங்க ஐயா. கத்தினதும் வாறோங்க."

என்னைப் பார்த்ததும் அவர், "சொல்லு" என்றார்.

"சிவப்புதான் சரி."

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். நான் கடைசி லயத்துக்கு ஓடினேன்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். குசினி. அந்த மண் சுவருக்கு முன்னால். தோசைக்கல்லில் ரொட்டி.

"என்னடா இப்பிடி நனைஞ்சிட்ட? உக்காரு, தேத்தண்ணி ஊத்துறேன்."

"எந்திரி. ஸ்டோருக்குப் போவோம்."

"பெட்டி கத்தலையே."

"கத்தாது."

"ஏன் கத்தாது?"

"பழைய கணக்கு ஓடுது."

"எந்தப் பழைய கணக்கு?"

"காலையில கொட்டுற கணக்கு."

அவள் ரொட்டியைத் திருப்பினாள். "அத மாத்திட்டேன்னு சொன்ன."

"மாத்தினேன். அது ஏறல."

அடுத்த காம்பரா அண்ணன் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்தார். "நீ பூட்டின பெட்டிய நீயே நம்பலேன்னா நாங்க என்னத்தடா நம்புறது? கத்தினா ஓடணும்ன. ஓடினோம். இப்ப கத்தாட்டியும் ஓடணுங்கிற. இனி பெட்டி தும்மினாலும் ஓட வேண்டியதுதான்." பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

உள்ளே கட்டிலிலிருந்து மாமியார் சத்தம் போட்டார். "என்னையத் தூக்கிறாதீங்க. போன தடவ தூக்கிட்டுப் போய்க் காய்ச்சல்ல போட்டீங்க. நான் இங்கேயே கெடக்கேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். "அவங்கள இந்த மழையில தூக்கிட்டுப் போயி ஒண்ணும் ஆவலேன்னா, அதுக்கப்புறம் அவங்க உசிரு எங்கிட்ட இருக்காதுடா. ஒனக்கு நிச்சயமா தெரியுமா, மலை வரும்னு?"

தெரியாது. மலை வரும் என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கோப்பு ஏறியிருக்கிறது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அதை விளக்க ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

"எனக்குப் பயமா இருக்கு அக்கா" என்றேன்.

எங்கள் அப்பா செத்தபோது நான் அழவில்லை. ஸ்டோரில் பெல்ட்டில் கை மாட்டினபோது கத்தவில்லை. அவளுக்கு அது தெரியும். என் மூஞ்சியைப் பார்த்தாள். கல்லை இறக்கினாள். அடுப்பில் தண்ணி ஊற்றினாள். புகை எழும்பியது.

"நாற்காலிய எடு" என்றாள்.

மாமியாரைப் போர்வையில் சுற்றி, அதற்கு மேல் கொழுந்து பறிக்கிற பெண்கள் நனையாமல் கட்டிக்கொள்கிற படங்கைச் சுற்றினோம். நான் ஒரு பக்கம் தூக்கினேன். மறுபக்கத்தைத் தூக்கியது சிரித்த அண்ணன். அவர் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "தூக்குறேன் தூக்குறேன். ஒண்ணும் வரலேன்னா ஒன்னையும் இதே நாற்காலியில வச்சிக் கட்டுவேன்" என்றார். அக்கா வெளியே வந்ததைப் பார்த்ததும் மற்ற வாசல்களிலும் ஆட்கள் இறங்கினார்கள். சத்தம் போட்டுக்கொண்டேதான் இறங்கினார்கள். ஓடை மண் நிறத்தில் போனது. படியில் கிளாக்கர் ஐயா நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

ஸ்டோர் மாடியில், கொழுந்து வாட்டுகிற இடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். பச்சை இலை வாசம். ஈரத் துணி. மாமியார் என்னை ஏசிக்கொண்டே இருந்தார். மலை சும்மா நின்றது.

அந்த நேரத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மலை விழுமோ என்று பயந்தேன். பிறகு விழாமல் விட்டுவிடுமோ என்று பயந்தேன். விழாவிட்டால் அடுத்த தடவை யாரும் என் பேச்சுக்கு வர மாட்டார்கள். இந்த நினைப்பு வந்ததும் என் மேலேயே எனக்குப் பயம் வந்தது. அக்காவின் காம்பராவைப் பார்த்துக்கொண்டு, மண் வரட்டும் என்று ஒரு நொடி நினைத்தவன் நான். யாரிடமும் சொன்னதில்லை.

ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஒரு அம்மா கோழியை விட்டுவிட்டு வந்துவிட்டேன், போய் எடுத்து வருகிறேன் என்று எழுந்தார். கிளாக்கர் ஐயா படிக்கட்டில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். "என்ன மிதிச்சிட்டுப் போங்க" என்றார். அந்த அம்மா திரும்ப உட்கார்ந்தார்.

பிறகு அது வந்தது. லொறியிலிருந்து கல்லைக் கொட்டுகிற சத்தம், ஆனால் நிற்காமல். ஜன்னலுக்கு ஓடினோம். மலையில் தேயிலைச் செடிகள் நின்றபடியே கீழே இறங்கின. பெட்டிக் கம்பம் சாய்ந்தது. செடிகளோடு கொஞ்ச தூரம் வந்தது. பிறகு காணோம். அது போகும்போதும் கத்தவில்லை.

ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.

மண் லயத்தின் முதுகில் வந்து நின்றது. கடைசி இரண்டு காம்பராவின் குசினியும் போய்விட்டது. அக்காவின் அடுப்பு, கல், சுட்ட ரொட்டி எல்லாம் மண்ணுக்குள். உள் சுவர் வெடித்து, அதற்குள் மண் முழங்கால் உயரத்துக்குத் தள்ளியிருந்தது. மாமியாரின் கட்டில் வரைக்கும். ஆள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கோழி போய்விட்டது.

அந்த அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். "நாற்காலியில கட்ட வேண்டியதில்ல" என்றார். பிறகு இருமிவிட்டுப் போய்விட்டார்.

மழை விட்ட பிறகு கம்பத்தைத் தோண்டி எடுத்தோம். பெட்டி நசுங்கியிருந்தது. உள்ளே இருந்த மெமரி கார்ட் மட்டும் நல்லபடி இருந்தது. கடையில் போட்டுப் பார்த்தோம். கடைசி நிமிஷம் வரைக்கும் அதில் பச்சை.

இப்போது புதுப் பெட்டி இருக்கிறது, வேறு இடத்தில். நான் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். லைப்ரரியின் பேரோடு ஒரு எண்ணைச் சேர்த்தேன். கணக்கு மாறினால் எண்ணும் மாற வேண்டும். பழைய எண்ணைப் புதிய புரோகிராம் தொடாது. எங்கே தேட வேண்டும் என்பதைக் கட்டும்போதே புரோகிராமுக்குள் எழுதினேன், உன் பக்கத்தில் தேடு என்று. என் லேப்டாப்பில் இருந்த வழியை அழித்தேன். இனி கட்டின மெஷினில் சோதிப்பதில்லை. ஒன்றும் போடாத வெறும் பெட்டியில் சோதிக்கிறேன். புரோகிராம் தொடங்கியதும் லைப்ரரியிடம் நீ எது என்று கேட்கும். பதில் பிழை என்றால் மழையே இல்லாவிட்டாலும் சைரன் கத்தும். பழைய கோப்பை வைத்துக்கொள்வதில்லை. நானா மூன்று இடத்திலும் தேடிப் பார்த்து அழித்தார். அழித்துவிட்டு, "விண்டோஸ்ட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

ஸ்டோரில் பழைய பெல்ட்டுகள் இன்னும் கொக்கியில் தொங்குகின்றன. அது சரிதான். அது பெல்ட்.

கொஞ்ச நாள் எல்லாரையும் பிள்ளை மடுவத்தில் வைத்திருந்தார்கள், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கட்டடத்தில். புது வீடு வரும் என்று பேச்சு. இன்னும் பேச்சாகவே இருக்கிறது. போக வேறு இடம் இல்லாமல் ஒவ்வொருத்தராக லயத்துக்கே திரும்பினார்கள். அக்காவும் திரும்பினாள். உடைந்த சுவரைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறாள். அடுப்பை முன்னால் இஸ்தோப்புக்குக் கொண்டுவந்துவிட்டாள். மாமியாரின் நாற்காலி கதவுப் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் யாரையும் உட்கார விடுவதில்லை.

வா, என்னோடு வந்து இரு என்று கூப்பிட்டேன். "ஒன் ஒரு காம்பராவுல எங்க ரெண்டு பேரையும் எங்க போடுவ? கூரையிலயா?" என்றாள்.

மழை பிடித்தால் இப்போது லயத்தில் யாராவது முழித்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பு மாதிரி. பீலித் தண்ணியைப் பார்க்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது.

அக்கா என்னைத்தான் பார்க்கிறாள். வானம் கறுத்ததும் ஃபோன் வரும். எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்று கேட்க மாட்டாள்.

"எது ஏறியிருக்கு?"

"புதுசு."

"பாத்துட்டுத்தான் சொல்றியா?"

"பாத்தேன்."

"திரும்பப் பாரு. நான் லைன்ல இருக்கேன்."

நேற்றும் கேட்டாள். இங்கே கடையில் மழை தொடங்கியிருந்தது. ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கட்டளையைத் தட்டினேன். ஒவ்வொரு வரியாக வந்தது. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுகிற சத்தமும், தகரத்தில் மழை விழுகிற சத்தமும் கேட்டது. பேர் வந்தது. எண் வந்தது. எதிரே பாதை வந்தது, புரோகிராமின் பக்கத்திலேயே.

"புதுசுதான் அக்கா" என்றேன்.

"சரி" என்றாள். வைக்கவில்லை.